மின்கட்டணத்தைக் குறைக்கும் வீட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்குமா?

மாடியில் சோலார் தகடு பொருத்தினாலோ, தளத்தில் கூலிங் டைல்ஸ் பதித்தாலோ மின்கட்டணம் குறையும், வீட்டின் விலையும் ஏறும் என்ற விளம்பர வாசகம் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இப்போது பரவலாகக் காணப்படுகிறது. 2022 செப்டம்பரில் உயர்ந்த தமிழக மின்கட்டணமும், கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த மானியத் திட்டமும், ஏசி இல்லாமல் தூங்க முடியாத கோடை இரவுகளும் சேர்ந்து இந்த வாசகத்துக்கு வலுச் சேர்த்துள்ளன. வாசகத்தின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே உண்மையாகும். அந்த நிபந்தனைகளில் பலவும் நம் வட்டாரச் சொத்துச் சந்தையில் இன்னும் உருவாகவில்லை. எந்த மேம்பாடு, எவருடைய கணக்கில், எவ்வளவு மதிப்பாக மாறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## எவை வீட்டோடு சேரும், எவை சேராது

மின்சாரச் செலவைக் குறைப்பதற்காக வீட்டில் செய்யப்படும் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கட்டடத்தின் உடலிலேயே அமைபவை: தளத்தின் மேல் பதிக்கும் வெள்ளை ஓடு அல்லது வெப்பம் எதிரொளிக்கும் பூச்சு, மேற்குச் சுவருக்கான நிழல் அமைப்பு, அகலமான சன்ஷேடு, காற்று குறுக்கே ஓடும்படி எதிரெதிரே வைத்த ஜன்னல்கள், காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான ஏஏசி பிளாக் சுவர்.
2. கட்டடத்தோடு பொருத்தப்படுபவை: கூரைச் சூரிய மின் அமைப்பு, சோலார் வாட்டர் ஹீட்டர்.
3. எடுத்துச் செல்லக்கூடியவை: ஐந்து நட்சத்திர ஏசி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி, எல்இடி விளக்கு, குளிர்பதனப் பெட்டி.

மூன்றாம் வகைதான் செலவிட்ட பணத்தை விரைவில் மீட்டுத் தருகிறது. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறியை மாட்டினால் அடுத்த பில்லிலேயே வேறுபாடு தெரியும். ஆயினும் வீட்டு மதிப்பு என்று வரும்போது இவ்வகைக்கு இடமே இல்லை. வீட்டை விற்பவர் ஏசியைக் கழற்றிக்கொண்டு போவது நம்மிடையே இயல்பு. வாங்குபவரும் அதை எதிர்பார்த்தே விலை பேசுகிறார்.

முதல் இரண்டு வகைகளும் வீட்டோடு சேர்ந்து கைமாறுபவை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மாறான உடன்பாடு இல்லாவிட்டால், வீட்டோடு அதன் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல் ஆகியவையும் அவ்வீட்டின் நிரந்தரப் பயன்பாட்டுக்காக அமைத்த பிற பொருள்களும் வாங்குபவரைச் சேரும் என்கிறது. சூரியத் தகடுகள் இந்த வரையறைக்குள் வருமா என்பதை வழக்காக்கிப் பார்ப்பதைவிட, கிரய உடன்படிக்கையிலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது. எப்படி எழுதுவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

## ஒரே வீட்டுக்கு மூன்று மதிப்புகள்

குழப்பத்தின் வேர் 'மதிப்பு' என்று ஒருமையில் பேசுவதில் இருக்கிறது. நடைமுறையில் ஒரு வீட்டுக்கு மூன்று மதிப்புகள் உள்ளன. மூன்றையும் கணிப்பவர்கள் வேறு, நோக்கங்களும் வேறு.

முதலாவது அரசின் வழிகாட்டி மதிப்பு. தமிழகத்தில் இது தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் நிலத்துக்கு நிர்ணயிக்கப்படுகிறது. கட்டடத்துக்குப் பரப்பளவு, கட்டுமான வகை, வயது ஆகியவற்றைக் கொண்டு தனியாக மதிப்புப் போடப்படுகிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வசூலிப்பதற்கான அடிப்படை என்ற அளவில்தான் இதற்குப் பயன். தளம் எவ்வளவு சூடாகிறது என்பது இந்தக் கணக்கில் வராது; வரவேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாவது வங்கியின் மதிப்பீடு. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்ததும் வங்கியின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் வந்து அளந்து அறிக்கை தருகிறார். வழக்கமான அறிக்கைப் படிவத்தில் நிலம், கட்டடம், கூடுதல் வேலைகள், வசதிகள், இதர இனங்கள், சேவைகள் எனத் தனித்தனித் தலைப்புகள் உண்டு. போர்ட்டிகோ, அலங்கார முன்கதவு, மேல்நிலைத் தொட்டி, இரும்புக் கேட், அலமாரி, சுவர் ஓடு, சுற்றுச்சுவர் என்று பட்டியல் நீளும். 'வெப்பத் தடுப்பு' என்றோ 'ஆண்டு மின்செலவு' என்றோ ஒரு வரி கிடையாது. தேக்குக் கதவு வீட்டின் மதிப்பைக் கூட்டும், மே மாதத்தில் அறையைப் பல டிகிரி குளிர்வாக வைத்திருக்கும் வெள்ளைத் தளம் கூட்டாது என்பதுதான் இந்தப் படிவம் சொல்லாமல் சொல்லும் தீர்ப்பு. சூரிய மின் அமைப்பை மட்டும் கூடுதல் வேலைகளிலோ சேவைகளிலோ சேர்க்க இடமிருக்கிறது. சேர்ப்பது மதிப்பீட்டாளரின் விருப்பம்.

இந்தச் சேர்ப்பு வெறும் காகித விஷயம் அன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் இருக்கலாம். மதிப்பீட்டாளர் கணக்கில் எடுத்த ஒரு பொருளுக்கு வாங்குபவர் தம் கையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ போட்டால் போதும். விட்டுவிட்ட பொருளுக்கு முழுத் தொகையையும் ரொக்கமாகத் தர வேண்டும். வீடு வாங்கும் மாதத்தில் ரொக்கம் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பது தெரிந்ததே. ஆகவே அறிக்கையில் ஏறாத மேம்பாட்டுக்குக் கூடுதல் விலை கேட்பது, வாங்குபவரின் மிகப் பலவீனமான இடத்தில் கைவைப்பதாகிறது.

மூன்றாவது, உண்மையில் கைமாறும் சந்தை விலை. ஆற்றல் சிக்கனம் இடம்பெறக்கூடிய ஒரே மதிப்பு இதுதான். அதுவும் எவ்வழியில் இடம்பெறுகிறது என்று பார்க்க வேண்டும்.

## சேமிப்பு எவ்வாறு விலையாகிறது

ஒரு வீடு ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையை மிச்சப்படுத்தித் தருகிறது என்றால், அந்த மிச்சம் எத்தனை ஆண்டு தொடரும், வாங்குபவரின் பணத்துக்கு வட்டி எவ்வளவு என்ற இரண்டையும் வைத்து, வருங்கால மிச்சத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிடலாம். பொருளியலார் இதை மூலதனமாக்கல் என்பார்கள்.

அதற்கு முன் மிச்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். கடலூரில் இதற்கு ஒரே விடை இல்லை. தமிழக வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதப் பயன்பாட்டை அடுக்குகளாகப் பிரித்து வசூலிக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு ஒரு கட்டண வரிசை, தாண்டியவருக்கு வேறொரு வரிசை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை வைத்து இரு குடும்பங்களை ஒப்பிடலாம். பின்னர் வீதங்கள் ஓரளவு மாறினாலும் அமைப்பு அதுவேதான்.

1. இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவிடும் குடும்பம்: 101 முதல் 400 வரை 4.50 ரூபாய், அடுத்த நூற்றுக்கு 6, அடுத்த நூற்றுக்கு 8, கடைசி நூற்றுக்கு 9 என்று மொத்தம் 3,650 ரூபாய். இது 500 யூனிட்டாகக் குறைந்தால், 101 முதல் 200 வரை 2.25, 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 என்று 1,725 ரூபாய். மிச்சம் 1,925, ஆண்டுக்கு 11,550 ரூபாய்.
2. 400 யூனிட் செலவிட்டு 200 ஆகக் குறைக்கும் குடும்பம்: 1,125 ரூபாய் 225 ஆகிறது. மிச்சம் 900, ஆண்டுக்கு 5,400 ரூபாய்.

இருவரும் குறைத்தது அதே 200 யூனிட். மிச்சமோ இரு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. 500 என்ற எல்லையைக் கடந்ததும் கீழ் அடுக்கின் 2.25 ரூபாய்ச் சலுகையும் போய்விடுவதால், அந்த எல்லைக்கு அருகில் சேமிக்கும் யூனிட்டுக்கு மட்டும் தனி மவுசு. இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம், மேம்பாட்டின் பண மதிப்பு கட்டடத்தில் மட்டும் இல்லை, குடியிருப்பவரின் பயன்பாட்டிலும் இருக்கிறது என்பது. இரண்டு ஏசி ஓட்டும் விற்பவருக்கு 11,550 ரூபாய் தந்த அதே தளம், ஏசியே இல்லாத முதிய தம்பதி வாங்கினால் மின்கட்டணத்தில் எதையும் மிச்சப்படுத்தாமல் போகலாம். அவர்களுக்குக் கிடைப்பது வசதி. அதற்கு பில் கிடையாது.

புதுச்சேரியில் கணக்கு மாறும். அங்கு மின்துறை மாதந்தோறும் பில் போடுகிறது. வீதத்தை யூனியன் பிரதேசங்களுக்கும் கோவாவுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. தமிழகத்தின் 500 யூனிட் மேடு அங்கில்லை. பாலம் தாண்டி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒரே கூலிங் டைல்ஸ் இரண்டு விதமாகப் பலன் தருவது இதனால்தான். கடலூர்க்காரர் ஒருவரின் சேமிப்புக் கணக்கைக் காட்டிப் புதுச்சேரியில் வியாபாரம் செய்வது சரியாகாது.

அடுத்து மிச்சத்தை மதிப்பாக மாற்றுவோம். வட்டி 9 சதவீதம், பலன் 15 ஆண்டு என்று கொண்டால், ஆண்டு மிச்சத்தை ஏறக்குறைய 8 ஆல் பெருக்க வேண்டும். 11,550 ரூபாய் மிச்சம் சுமார் 93,000 ரூபாய் ஆகிறது. 5,400 ரூபாய் மிச்சம் சுமார் 43,500. ஐந்து ஆண்டில் மீண்டும் அடிக்க வேண்டிய எதிரொளிப்புப் பூச்சு என்றால் பெருக்கும் எண் 4க்கும் கீழே இறங்கி, முதல் குடும்பத்தின் மிச்சம்கூட 45,000 ரூபாயில் நின்றுவிடும். அமெரிக்காவில் 1998இல் நெவின், வாட்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, ஆண்டு எரிசக்திச் செலவில் குறையும் ஒவ்வொரு டாலருக்கும் வீட்டு மதிப்பு 20 டாலர் ஏறுவதாகக் கூறியது. இன்றும் பல விளம்பரங்கள் அந்த 20 மடங்கைச் சுமந்து வருகின்றன. வரிச்சலுகையோடு கூடிய குறைந்த வட்டி வீட்டுக் கடன் நிலவும் நாட்டுக்கு அது பொருந்தலாம். நம் வட்டிக்கு எட்டு, பத்துக்கு மேல் போவது துணிச்சல்.

## வெளிநாட்டுச் சதவீதங்கள் இங்கு ஏன் ஒட்டுவதில்லை

வெளிநாட்டு ஆய்வுகள் பொய் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 2008, 2009 ஆண்டுகளின் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து புரூனன், கோக் இருவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல ஆற்றல் தரச்சீட்டு பெற்ற வீடுகள் சராசரியாக 3.7 சதவீதம் கூடுதல் விலைக்குப் போனதாகக் கண்டனர். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் எட்டு மாநிலங்களின் விற்பனைகளை ஆராய்ந்து 2015இல் தந்த அறிக்கையில், வீட்டுக்குச் சொந்தமான சூரிய அமைப்புக்கு வாங்குபவர்கள் ஒரு வாட்டுக்குச் சுமார் 4 டாலர் கூடுதலாகத் தந்ததாகச் சொன்னது. ஜில்லோ என்ற அமெரிக்க வீட்டு விற்பனைத் தளம் 2019இல் 4.1 சதவீதம் என்றது. விளம்பரங்களில் காணும் 'நான்கு சதவீதம்' பெரும்பாலும் இதன் நிழல்தான்.

இவை இங்கு ஒட்டாததற்கு மூன்று காரணங்கள் உண்டு; மூன்றாவதே முதன்மையானது.

1. நிலத்தின் பங்கு. கடலூர் கூத்தப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 1,200 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக மனை சதுர அடி 2,500 ரூபாய், கட்டுமானச் செலவு 2,000 ரூபாய், வீட்டின் வயது இருபது என்று கொண்டால், நிலம் 60 லட்சம். கட்டடம் புதிதாக 24 லட்சம். அறுபது ஆண்டு ஆயுளும் பத்து சதவீத எஞ்சிய மதிப்பும் கொண்டு தேய்மானம் கழித்தால் 16.8 லட்சம். மொத்தம் 76.8 லட்சத்தில் 3.7 சதவீதம் என்பது 2.84 லட்சம், அதாவது நிற்கும் கட்டடத்தின் மதிப்பில் 17 சதவீதம். ஒரு தள ஓட்டுக்கு அவ்வளவு எவரும் தரமாட்டார். பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டுக் கட்ட நினைப்பவருக்கோ தளத்தின் மதிப்பு பூஜ்யம்.

2. குளிர்நாட்டுச் செலவு. ஐரோப்பிய வீட்டில் சூடேற்றும் செலவு தவிர்க்க முடியாதது. எவர் குடியிருந்தாலும் வரும். நம் குளிர்விப்புச் செலவு விருப்பத்தையும் வருமானத்தையும் பொறுத்து மாறுவது.

3. சான்று. இங்கிலாந்தில் 2007 முதல் வீட்டை விற்கும்போதும் 2008 முதல் வாடகைக்கு விடும்போதும் ஆற்றல் தரச்சான்று காட்ட வேண்டும். 2018 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிகத் தாழ்ந்த இரு தரநிலைகளில் உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவதே தடைசெய்யப்பட்டது. வாங்குபவர் கண்முன்னே தரத்தைச் சொல்லும் ஓர் எழுத்து நிற்கிறது. அந்த எழுத்துக்கு விலை உண்டாகிறது. நம்மிடம் வண்டி வாங்குபவர் மைலேஜ் கேட்கிறார். வீடு வாங்குபவர் இபி பில் கேட்பதில்லை.

நம் நாட்டில் சான்றே இல்லை என்பதும் சரியன்று. பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட நெறியை வெளியிட்டது. 2019இல் வீடுகளுக்கான நட்சத்திரத் தரச்சீட்டையும் தொடங்கியது. 2022ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டம் குடியிருப்புகளையும் நெறிக்குள் கொண்டுவர வழி செய்தது. ஆனால் 2018 நெறி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளையே குறிவைத்தது. கடலூரின் ஒரு கிரவுண்டு மனை 223 சதுர மீட்டர்தான். மறுவிற்பனைக்கு வரும் பழைய வீடுகளை இவை எதுவும் தொடவில்லை.

இங்கு யாரும் ஏன் இப்படி ஆராயவில்லை என்ற கேள்விக்கும் விடை சான்றிலேயே உள்ளது. விலையைப் பண்பு பண்பாகப் பிரித்து அறியும் ஆய்வுக்கு உண்மை விற்பனை விலை தேவை. வழிகாட்டி மதிப்பை ஒட்டியே தொகை எழுதப்படும் பத்திரங்களிலிருந்து தளத்தின் வெப்பத்துக்கு எவ்வளவு விலை என்று எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

## இக்கரையோரத்தில் வாங்குபவர் பார்ப்பது

கடலூரிலோ புதுச்சேரியிலோ வீடு பார்க்க வருபவரின் முதல் கேள்வி மின்சாரம் பற்றியதாக இராது. தண்ணீர் நிற்குமா என்பதே முதல் கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தாக்கிய 'தானே' புயலும், 2015 வெள்ளமும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரைகடந்து ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய ஃபெஞ்சல் புயலும், அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளமும் நினைவில் இருக்கும்வரை, புதுச்சேரியின் ரெயின்போ நகருக்கோ கடலூரின் குண்டுஉப்பலவாடிக்கோ வருபவர் சுவரில் நீர் ஏறிய கறையைத்தான் முதலில் தேடுவார். அடுத்து போர் தண்ணீர் உப்பா என்பது. பிறகு பட்டா, வில்லங்கம், தெரு அகலம். மேல்தளம் சுடுமா என்பது இவற்றுக்கெல்லாம் பிறகே வரும்.

அது வரும்போதும் கூடுதல் விலை தருவதற்காக வருவதில்லை. குறைத்துக் கேட்பதற்காகவே வருகிறது. இந்த வட்டாரத்தில் ஆற்றல் சிக்கன மேம்பாடு விலையைத் தொடும் முதன்மை வழி இதுதான் என்பது என் கணிப்பு. அடுக்குமாடியின் மேல்தள வீடு 'வெயில் இறங்கும், மழை ஒழுகும்' என்ற பெயரோடுதான் சந்தைக்கு வருகிறது. தரகரே அதைச் சொல்லி விலையை இறக்குவார். முறையாகப் பதித்த தளஓடு அந்த இரண்டு குறைகளையும் ஒரே வேலையில் போக்குகிறது. விற்பவருக்குக் கிடைப்பது, கழித்துக் கேட்க இருந்த தொகை கழியாமல் நிற்பது. வெப்பம் குறையும் என்று சொல்வதைவிட ஒழுகாது என்று சொல்வது சந்தையில் நன்றாக எடுபடுவதும் இதனால்தான்.

தளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. கோடையில் சூரியன் உச்சியில் நிற்கும் நம் அட்சரேகையில், ஒற்றைத் தள வீட்டுக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பகுதி கூரை வழியாகவே இறங்குகிறது. வெப்பம் எவ்வளவு எளிதில் ஊடுருவுகிறது என்பதை யு மதிப்பு என்ற எண்ணால் அளப்பார்கள். குறைவாக இருந்தால் நல்லது. எகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு அனுமதிக்கும் மேல் வரம்பு 1.2. வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது 3ஐத் தாண்டும்.

அதே நெறி வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் கடற்கரை மண்டலத்துக்கு இன்னொன்றையும் கேட்கிறது: திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு, வாழ்தளப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு. உலர்வெப்ப மண்டலத்துக்கு 10 சதவீதமே போதும். இங்கு இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்காததாலும், வியர்வை ஆறக் காற்று ஓட்டம் வேண்டியிருப்பதாலும், வெப்பத் தடுப்பை மட்டும் போட்டுக் காற்றை அடைத்துவிட்டால் ஏசி இல்லாத அறை இன்னும் புழுங்கும். புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இதற்கு நல்ல சான்று. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கிய அந்தக் கான்கிரீட் கட்டடம், சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் நீண்ட பலகைத் தடுப்புகளைக் கொண்டு காற்றை உள்ளே அழைக்கிறது. பழைய தமிழர் தெருக்களின் திண்ணையும் முற்றமும், செங்கலும் சுண்ணாம்பும் மரக்கட்டையும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் இதே வேலையைத்தான் செய்தன. இன்று அத்தகைய வீடுகளுக்குக் கிடைக்கும் உயர்ந்த விலை பாரம்பரியத்துக்கும் விடுதித் தொழிலுக்கும் கிடைப்பது, குளுமைக்கு அன்று.

## சோலார் ஏன் தனிக்கதை

சந்தை விலையில் தெளிவாகத் தெரியும் ஒரே மேம்பாடு சூரிய மின் அமைப்பு. கண்ணுக்குத் தெரிகிறது, பில்லில் தெரிகிறது, காகிதமும் இருக்கிறது. ஆனால் அதன் மறுவிற்பனை மதிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: வாங்குபவர் அதே அமைப்பை இன்று புதிதாகப் போட்டால் ஆகும் செலவு. அந்தச் செலவை அரசு மானியம் கீழே இழுத்துவிட்டது. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. 3 கிலோவாட் அமைப்புக்கு 2 லட்சம் ஆகிறது என்று கொண்டால், கையிலிருந்து போவது 1.22 லட்சம். ஆகவே இரண்டு மூன்று ஆண்டு ஓடிய அமைப்புக்கு அதற்கு மேல் எவர் தருவார்? தகடு விலை அதிகமாக இருந்த காலத்தில் மானியமின்றிப் போட்டவர் தம் பழைய பில்லைக் காட்டுவதில் பயனில்லை. அமைப்புக்கு வயது ஏற ஏறக் கூடுதல் விலை கரைகிறது என்பதை மேலே சொன்ன பெர்க்லி அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது.

சோலார் விலையைக் குறைக்கவும் கூடும். கடலோரக் காற்றின் உப்பு சாதாரண இரும்புத் தாங்கிகளைச் சில ஆண்டுகளிலேயே அரிக்கும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ்டு இரும்போ அலுமினியமோ இல்லையென்றால், துருக்கறை வழிந்த தளம்தான் வாங்குபவரை வரவேற்கும். மழைநீர் இறங்காமல் தளத்தின் மேல் போடும் வெதரிங் கோர்ஸ் அடுக்கை உடைத்து நட்ட கால்கள் ஒழுக்குக்கு வழி. 'தானே' புயல் கூரைத் தகரங்களைப் பறக்கவிட்டதைப் பார்த்த ஊர் இது. நங்கூரம் எப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்கத்தான் செய்வார்கள். வெள்ளம் ஏறும் தெருவில் இன்வெர்ட்டரைத் தரைமட்டத்தில் மாட்டியிருந்தால் அது குறையாகவே எண்ணப்படும்.

## வாடகைக்கு விட்டால்

செலவைச் செய்பவர் உரிமையாளர், பில் கட்டுபவர் குடியிருப்பவர்; மிச்சமும் அவருக்கே. பலனும் செலவும் இப்படிப் பிரிந்து நிற்பதால், வாடகை வீட்டில் மேம்பாடு செய்ய உரிமையாளருக்குத் தூண்டுதல் இல்லை. சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் உரிமையாளருக்கோ மிச்சம் என்பது வருமானக் குறைவு. நம் வட்டாரத்தில் வாடகையை உண்மையில் உயர்த்துவது போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருப்பதுதான். தமிழகத்தில் அதோடு 100 இலவச யூனிட்டும் வருகிறது. புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடுபவர் மட்டுமே விதிவிலக்கு. ஏசி ஓடும் பில்லை அவரே கட்டுவதால், தளத்துக்குச் செலவிட்ட பணம் அவர் கைக்கே திரும்புகிறது.

அடுக்குமாடியில் மொட்டை மாடி பொதுச்சொத்து. மேல்தளக்காரர் தம் செலவில் ஓடு பதித்தாலும் சங்கத்தின் எழுத்து இசைவு இல்லாமல் அதை விலையில் கேட்க முடியாது. சூர்ய கர் திட்டம் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் தருகிறது. லிஃப்ட், மோட்டார் செலவு குறைந்து மாதப் பராமரிப்புத் தொகை இறங்கினால் அது கட்டடத்தில் உள்ள எல்லா வீடுகளின் விலைப் பேச்சிலும் எதிரொலிக்கும்.

## விற்பவர் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

சான்று தரும் முறை வராத வரை, விற்பவரே சான்றைத் திரட்ட வேண்டியிருக்கிறது.

1. வேலை நடந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் ஓராண்டு மின்கட்டண விவரம். ஒரே பருவத்தை ஒரே பருவத்தோடு ஒப்பிட வேண்டும்; மே மாதத்தையும் டிசம்பரையும் ஒப்பிட்டால் எந்த வீடும் சிக்கனமாகத் தெரியும்.
2. தளவேலையின் பில், ஓடு அல்லது பூச்சின் பெயர், உத்தரவாதம்.
3. சோலாருக்கு மின்வாரியத்தின் அல்லது மின்துறையின் ஒப்புதல், நிகர மீட்டர் (வாங்கிய மின்சாரத்தில் கொடுத்ததைக் கழித்துக் காட்டும் மீட்டர்) பதிவு, மானியம் வந்த விவரம், தகடு, இன்வெர்ட்டர் உத்தரவாதங்கள். சோலார் மின் இணைப்பு எண்ணோடு கட்டப்பட்டிருப்பதால், கிரயத்துக்குப் பின் மின் இணைப்பின் பெயர் மாற்றத்தோடு இதையும் மாற்ற வேண்டும்.
4. மதிப்பீட்டாளர் வரும் நாளில் இக்காகிதங்களை அவர் கையில் கொடுத்து, அறிக்கையில் தனி இனமாகக் குறிக்கும்படி கேட்பது. விற்பவர் கேட்காததை அவர் எழுதமாட்டார்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட பத்திரச் சிக்கல் இங்கே வருகிறது. சோலாரின் விலையைக் கிரயத் தொகையில் சேர்த்து எழுதினால், தமிழகத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அதன்மீதும் விழும், 1.22 லட்சத்துக்கு ஏறக்குறைய 11,000 ரூபாய். அசையும் பொருளாகத் தனி ஒப்பந்தத்தில் எழுதினால் அந்தச் செலவு இல்லை. ஆனால் வங்கி அதற்குக் கடன் தராது, தளத்தோடு நிரந்தரமாகப் பொருத்தியதை அசையும் பொருள் என்று காட்டியது பின்னாளில் கேள்விக்கு உள்ளாகவும் கூடும். 80 சதவீதக் கடனில் வாங்குபவருக்குப் பத்திரத்திலேயே சேர்ப்பது 97,600 ரூபாய் ரொக்கச் சுமையைக் குறைக்கிறது. அவருக்கு அந்த 11,000 ரூபாய் தாங்கக்கூடியதே. முழு ரொக்கத்தில் வாங்குபவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதால், சொத்து விவரத்தில் அமைப்பின் திறன், தகடுகளின் எண்ணிக்கை, மின் இணைப்பு எண் ஆகியவற்றை மட்டும் குறிப்பிட்டு, தனி விலை போடாமல் விடுவது பொருத்தமாக இருக்கும்.